பின்னணி என்னும் பாவனை

தினசரிச் செய்தி பாட்காஸ்ட்டுகளைப் பற்றி ஊடக வட்டாரத்தில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் ஒரே பல்லவிதான். தொலைக்காட்சி விவாதம் வெறும் கூச்சல், வாட்ஸ்அப் வதந்திக் கிடங்கு, நாளிதழை விரித்துவைத்துப் படிக்க யாருக்கும் நேரமில்லை. இத்தனை இரைச்சலுக்கு நடுவில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, இருபத்தைந்து நிமிடம் நிதானமாக அதன் பின்னணியை விரித்துச் சொல்லும் பாட்காஸ்ட்தான் இதழியலுக்கு வாய்த்த மருந்து என்கிறார்கள். இந்த வடிவத்தை உலகம் முழுக்கப் பரப்பியது நியூயார்க் டைம்ஸின் ‘தி டெய்லி’. 2017 பிப்ரவரி 1 அன்று தொடங்கியது. மைக்கேல் பார்பரோ என்ற செய்தியாளர் அதன் முதல் நெறியாளர். அது அடைந்த வெற்றியைப் பார்த்து அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் வாக்ஸ், கார்டியன், வாஷிங்டன் போஸ்ட், எகானமிஸ்ட் என வரிசையாக எல்லோரும் இறங்கினார்கள். இந்தியாவில் இந்தியன் எக்ஸ்பிரஸின் ‘3 திங்ஸ்’, தி இந்துவின் ‘இன் ஃபோகஸ்’ வந்தன. “என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும், ஏன் நடந்தது என்பதை நாங்கள் சொல்கிறோம்” என்ற தொனி இப்போது தமிழ் யூடியூப் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

இதை நம்புகிறவர்கள் ஏமாளிகள் அல்லர். செய்தியின் தரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள்தான் பெரும்பாலும் இதை நம்புகிறார்கள். அதனாலேயே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. என் கட்சி இதுதான்: இந்த நிகழ்ச்சிகளில் ஆழம் என்று நாம் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் ஆழமாகப் பேசுவதுபோன்ற ஓசை. நீண்ட புலனாய்வுக்கு உரிய குரலை ஒரு நாள் வேலைக்கு இரவல் வாங்கிக்கொள்கிறார்கள். அந்தக் குரலை உண்டாக்கும் உத்திகளே, சொல்லப்படுவது சரிதானா என்று கேட்பவர் எடைபோட்டுப் பார்க்கும் வாய்ப்பையும் பறித்துவிடுகின்றன.

வழக்கமான ஒரு நாள் நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். இசை ஒலிக்கிறது. நெறியாளர் முதல் கேள்வியைப் போடுகிறார். எதிரே இருப்பவர் அதே நாளிதழின் செய்தியாளர். பெரும்பாலான நாட்களில் வேறு விருந்தினர் கிடையாது. “இது எங்கிருந்து தொடங்கியது?” “அப்புறம்?” “அவர் அதை ஒப்புக்கொண்டாரா?” இடையிடையே ஒரு “ம்ம்”. பார்பரோவின் அந்த “ம்ம்” கேலிச்சித்திரம் போடும் அளவுக்குப் பிரபலம். கேட்கும்போது இரண்டு பேர் நம் கண்முன்னே ஒரு புதிரை அவிழ்ப்பதுபோல இருக்கும். ஆனால் பதிவுக்கு முன்பே இருவரும் தயாரிப்பாளர்களோடு பேசி, எது முன்னால் எது பின்னால் என்று வரிசைப்படுத்தியிருப்பார்கள். நீளமாகப் பதிவுசெய்து பிறகு நறுக்கி ஒட்டியிருப்பார்கள். நெறியாளருக்குப் பதில் தெரியும். தெரியாததுபோலக் கேட்பது நமக்காக. அந்த அறியாமை ஒரு வேடம். வேடத்தில் தப்பில்லை, நாடகத்திலும் அதுதான் நடக்கிறது. ஆனால் செய்தியில் கேள்வி என்பதற்கு வேறொரு வேலை உண்டு. சொல்பவர் மறைக்க நினைப்பதையோ, கவனிக்கத் தவறியதையோ, அவருக்கே உறுதியில்லாததையோ வெளியே இழுப்பது அந்த வேலை. இங்கே ஒரே அலுவலகத்தின் இரண்டு ஊழியர்கள் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். “இது உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களிடம் சொன்னவருக்கு இதில் என்ன லாபம்? எதிர்த்தரப்பு இதற்கு என்ன சொல்கிறது?” என்று ஒருவர் மற்றவரை மடக்குவதை எத்தனை நாள் கேட்டிருக்கிறோம்? ‘தி டெய்லி’ தொடங்கிய அதே 2017-ல்தான், 1941-ல் பிறந்த பிபிசி தமிழோசை தன் வானொலி ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது. ஒரு தரப்பு சொன்னதை மறுதரப்பிடம் கொண்டுபோய்க் கேட்டு, இரண்டு குரலையும் அடுத்தடுத்துப் போடுவது அங்கே சாதாரண நடைமுறை. மெருகும் இல்லை, பின்னணி இசையும் இல்லை. யாரை எவ்வளவு நம்பலாம் என்று முடிவுசெய்வது கேட்பவரின் பொறுப்பாக இருந்தது.

நீளம்தான் ஆழம் என்றால் அதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆங்கில ஒலிபரப்பில் நிமிடத்துக்குச் சுமார் 150 சொற்கள் என்று வைத்துக்கொண்டால் இருபத்தைந்து நிமிடத்துக்கு 3,750 சொற்கள். அதில் இசையையும், பழைய ஒலித்துணுக்குகளையும், நெறியாளரின் கேள்விகளையும், “அதாவது நீங்கள் சொல்வது என்னவென்றால்” என்று திரும்பச் சொல்வதையும், விளம்பரங்களையும் கழித்தால் மிஞ்சுவது ஒரு நடுத்தரக் கட்டுரை. அந்தக் கட்டுரையைப் பெரும்பாலும் அதே செய்தியாளர் அதே நாளிதழில் எழுதியும் இருப்பார். படிக்கப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். சந்தேகம் வந்த பத்தியில் நிற்கலாம், மேலே போய்ப் பெயரைச் சரிபார்க்கலாம், தெரிந்ததைத் தாண்டிப் போகலாம்.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். அமெரிக்கப் பொது வானொலியின் ‘திஸ் அமெரிக்கன் லைஃப்’ நிகழ்ச்சிதான் இதன் தாய்வீடு. அதை நடத்தும் ஐரா கிளாஸ், வானொலிக் கதைக்கு இரண்டு செங்கல் போதும் என்று பலமுறை விளக்கியிருக்கிறார்: ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் சம்பவங்கள், பிறகு அவற்றின் அர்த்தம் என்னவென்று நின்று யோசிக்கும் ஒரு கணம். அருமையான சூத்திரம். 2012 ஜனவரியில் அதே நிகழ்ச்சி, மைக் டெய்சி என்ற மேடைக் கலைஞரின் தனிநபர் நிகழ்த்துதலிலிருந்து ஒரு பகுதியை ஒலிபரப்பியது. சீனாவின் ஷென்ஜென் நகரில் ஆப்பிள் கருவிகள் தயாராகும் ஃபாக்ஸ்கான் ஆலைக்குப் போனதையும், அங்கே தொழிலாளர்கள் படும் பாட்டையும் அவர் உருக்கமாகச் சொன்னார். அதுவரை அந்த நிகழ்ச்சியின் எந்தப் பகுதியும் அவ்வளவு பேரால் பதிவிறக்கப்பட்டதில்லை. ஷாங்காயில் இருந்த ராப் ஷ்மிட்ஸ் என்ற வானொலிச் செய்தியாளருக்கு மட்டும் சில இடங்கள் உறுத்தின. ஆலை வாசலில் காவலாளிகள் துப்பாக்கியோடு நின்றதாக டெய்சி சொல்கிறார். சீனாவில் காவல்துறையும் ராணுவமும் தவிர யார் கையில் துப்பாக்கி இருக்கும்? ரகசியத் தொழிற்சங்கத்தினர் ஸ்டார்பக்ஸில் கூடிப் பேசியதாகச் சொல்கிறார். அவர்கள் வாங்கும் கூலிக்கு அந்தக் காபி கட்டுப்படியாகுமா? ஷ்மிட்ஸ், டெய்சியோடு போன மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் பிடித்தார். கதையின் முக்கியமான கட்டங்கள் நடக்கவே இல்லை என்பது அம்பலமானது. ரசாயனத்தால் பாதிக்கப்பட்ட தொழிலாளர்கள் உண்மையிலேயே உண்டு, ஆனால் அது நடந்தது வேறு நகரத்தில். டெய்சி அவர்களைச் சந்திக்கவில்லை. மார்ச் மாதம் கிளாஸ் ஒரு முழு நிகழ்ச்சியை ஒதுக்கி அத்தனையையும் திரும்பப் பெற்றார். ஒலிபரப்புக்கு முன்பே நிகழ்ச்சிக் குழு மொழிபெயர்ப்பாளரின் தொடர்பு எண்ணைக் கேட்டிருந்தது. இப்போது அவரைப் பிடிக்க முடியாது என்று டெய்சி சொன்னதும் அதோடு விட்டுவிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது டெய்சியின் பொய்யைவிட அது எப்படிப் பிடிபட்டது என்பதுதான். லட்சக்கணக்கானவர்கள் கேட்டார்கள். சந்தேகப்பட்டது, அந்த நாட்டில் வாழ்ந்த, அந்தத் தெருக்களைத் தெரிந்த ஒருவர். மற்றவர்களுக்குச் சந்தேகப்பட ஒரு பிடி கூட இருக்கவில்லை. குரல் தழுதழுத்தது, இடைவெளி சரியான இடத்தில் விழுந்தது, இசை ஏறியது. உண்மையான ஒரு சாட்சி பேசியிருந்தாலும் இம்மி பிசகாமல் அப்படியேதான் ஒலித்திருக்கும்.

தினசரிப் பாட்காஸ்ட்டின் வீட்டுக்குள்ளேயே நடந்தது இன்னும் பெரிய விபத்து. 2018-ல் நியூயார்க் டைம்ஸின் அதே ஒலிப்பிரிவு ‘காலிஃபேட்’ என்ற தொடரை வெளியிட்டது. ஐ.எஸ். அமைப்பைப் பற்றி எழுதிவந்த ருக்மிணி கலிமாச்சி அதன் முகம். கனடாவைச் சேர்ந்த ஓர் இளைஞர், தான் சிரியாவுக்குப் போய் ஐ.எஸ்.ஸில் சேர்ந்ததாகவும், தன் கையாலேயே கொலை செய்ததாகவும் அதில் வாக்குமூலம் தருகிறார். தொடர் வந்ததும் கனடா நாடாளுமன்றத்தில் அமளி. இப்படிப்பட்ட ஆள் எப்படி வெளியே திரிகிறான் என்று எதிர்க்கட்சி அரசைக் கேட்டது. தொடருக்குப் பீபடி விருது கிடைத்தது. 2020 செப்டம்பரில் கனடா காவல்துறை அந்த இளைஞரைக் கைதுசெய்தது. குற்றச்சாட்டு பயங்கரவாதம் இல்லை. பயங்கரவாதத்தில் ஈடுபட்டதாகப் பொய் சொல்லி மக்களைப் பீதிக்குள்ளாக்கியது. அந்த வழக்கு மறு ஆண்டு திரும்பப் பெறப்பட்டது, ஆனால் தான் சிரியாவுக்குள் காலடி வைத்ததே இல்லை என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகு. அதற்கு முன்பே, 2020 டிசம்பரில், அவர் சொன்னதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று நாளிதழ் ஒப்புக்கொண்டு விருதைத் திருப்பிக் கொடுத்தது.

விஷயத்தின் சாரம் தொடரின் நடுவில் இருக்கிறது. அந்த இளைஞர் சொல்லும் காலக்கணக்கு உதைக்கிறது என்பது தொடரைத் தயாரித்தவர்களுக்கே தெரியும். அதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார்கள். பயண ஆவணங்களைப் புரட்டுகிறார்கள், தேதிகளை ஒப்பிடுகிறார்கள், பொய் சொல்கிறானோ என்று பதைக்கிறார்கள். அச்சுச் செய்தியில் இப்படி ஒரு சந்தேகம் வந்தால் ஆசிரியர் மேசையில் கட்டுரை நிறுத்திவைக்கப்பட வேண்டும். இங்கே அந்தச் சந்தேகம் கதையின் திருப்பமாகிவிட்டது. வாரத்தொடர்கதையில் நாயகன் செத்தானா பிழைத்தானா என்று நிறுத்துவார்களே, அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த பகுதிகளில் “ஏதோ ஒரு வகையில் உண்மைதான்” என்று தணிந்தும் போனது. சரிபார்க்கும் வேலை, சரிபார்ப்பதைப் பார்க்கும் சுவாரசியமாக உருமாறியது. கேட்பவருக்கு என்ன தோன்றும்? “இவ்வளவு வெளிப்படையாகச் சந்தேகத்தையே சொல்கிறார்களே, இவர்களை நம்பாமல் யாரை நம்புவது?” என்று தோன்றும். வெளிப்படைத்தன்மை என்று புகழப்படும் இந்தக் குணம், இந்த வடிவத்தில் நம்பிக்கையைக் கூட்டும் ஒப்பனையாகவும் பயன்படக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. தவறு அம்பலமானபின், நாளிதழின் செயல் ஆசிரியர் டீன் பேக்கேவை அழைத்து விளக்கம் கேட்டவர் யார் தெரியுமா? பார்பரோ. வெளியாள் ஒருவரைக் கேட்கவிட்டிருக்கலாம். அந்த உரையாடலையும் ‘தி டெய்லி’யின் பாணியிலேயே தயாரித்தார்கள்.

அச்சு நாளிதழ் பொய் சொன்னதில்லையா என்று இங்கே கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதே நியூயார்க் டைம்ஸில் ஜெய்சன் பிளேர் என்ற இளம் செய்தியாளர் போகாத ஊர்களிலிருந்து செய்தி அனுப்பியது 2003-ல் அம்பலமானது. ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக முதல் பக்கத்தில் போட்ட செய்திகளுக்காக 2004 மே மாதம் ஆசிரியர் குழுவே ஒரு நீண்ட குறிப்பு எழுத நேர்ந்தது. அந்தச் செய்திகள் ஒரு போருக்குத் துணைபோயின; காலிஃபேட்டின் பிழை அதன் முன் கால்தூசு. ஆகவே, அச்சு புனிதம், ஒலி பாவம் என்று நான் வாதாடவில்லை. அந்த ஈராக் செய்திகளை இன்று எடுத்துப் படித்தாலும் அவற்றின் ஓட்டை பக்கத்திலேயே கிடக்கிறது: “பெயர் சொல்ல விரும்பாத அதிகாரிகள்”, “தப்பி வந்த ஒருவர் கூறியதாக” என்று மூலங்களின் பலவீனம் எழுத்தில் நிற்கிறது. அன்றே அதைச் சுட்டிக்காட்டியவர்கள் அந்த வரிகளை எடுத்துப் போட்டுத்தான் சுட்டிக்காட்டினார்கள். அச்சில் செய்தி எழுதும் மரபு, “யார் சொன்னது” என்பதை ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒட்டவைக்கும் சலிப்பான பழக்கத்தை நூறாண்டுகளாக வளர்த்திருக்கிறது. கதை சொல்லும் குரலுக்கு அந்தப் பழக்கம் எதிரி. ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் “என்று துறையின் துணைச் செயலர் தெரிவித்தார்” என்று சேர்த்தால் ஓட்டம் நின்றுபோகும். அதனால் அதைக் கழற்றிவிடுகிறார்கள். நான்கு பேரிடம் கேட்டு, அதில் இரண்டு பேர் முரண்பட்டு, ஒருவர் மழுப்பிய விஷயம், செய்தியாளர் தானே நேரில் கண்டதுபோல ஒரே சீராக வழிந்து வருகிறது. எழுத்துப் பிரதிதான் கிடைக்கிறதே என்றால், கிடைக்கிறது. ஆனால் பாட்காஸ்ட் வேண்டும் என்பவர்களே படிக்க நேரமில்லாதவர்கள் என்றுதானே வாதத்தைத் தொடங்கினோம்?

எதிர்வாதங்களில் வலுவானது 2020 பிப்ரவரி 27. கொரோனாவைப் பற்றி அமெரிக்கா இன்னும் சாவகாசமாக இருந்த அந்த நாளில், தொற்றுநோய்களைப் பற்றிப் பல ஆண்டுகள் எழுதிய டொனால்ட் மெக்நீல் ‘தி டெய்லி’யில் பேசினார். 1918-ன் ஃப்ளூவோடு இதை ஒப்பிட்டு, வரப்போவதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அதைக் கேட்டுத்தான் விழித்துக்கொண்டோம் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். வேறெந்த வடிவமும் அன்று அந்த வேலையைச் செய்யவில்லை என்று வாதிட்டால் நான் மறுக்கமாட்டேன். குரலுக்கு அந்த வலிமை உண்டு. ஆனால் பிப்ரவரி 27-ஐயும் காலிஃபேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். தன் துறையில் ஊறிய ஒரு செய்தியாளர், ஆர்வமாகக் கேட்கும் ஒரு நெறியாளர், அதே நிதானம், அதே தயக்கங்கள், அதே இசை. ஒன்று சரி, ஒன்று பிழை. கேட்டு முடித்தவரிடம் எது எது என்று கேட்டால் சொல்ல வழியில்லை. மெக்நீல் சரியாகச் சொன்னது மெக்நீலின் பெருமை. பல ஆண்டு உழைப்பின் பலன். வடிவம் அவருக்கு ஒலிபெருக்கியாக இருந்தது. பிழையானவருக்கும் அதே சத்தத்தில்தான் இருக்கும்.

இன்னொரு எதிர்வாதத்தை நானே எடுத்துத் தருகிறேன், ஏனென்றால் அது என் பக்கம் சாயும். 2008 மே மாதம், அமெரிக்க வீட்டுக்கடன் சந்தை சரிந்துகொண்டிருந்தபோது, அலெக்ஸ் பிளம்பர்க், ஆடம் டேவிட்சன் இருவரும் ‘திஸ் அமெரிக்கன் லைஃப்’பில் ‘தி ஜயன்ட் பூல் ஆஃப் மணி’ என்ற ஒரு மணிநேர நிகழ்ச்சியைச் செய்தார்கள். வருமானத்தையும் சொத்தையும் விசாரிக்காமலே கொடுத்த கடன்கள் எப்படி உருவாயின, முதலீட்டாளரின் பணம் எத்தனை கை மாறி ஒரு சாதாரண ஆளின் வீட்டு வாசலுக்கு வந்தது என்று அதைப்போல விளக்கிய இன்னொன்று அன்று இல்லை. ஒலிக் கதையால் சிக்கலான பொருளாதாரத்தையும் புரியவைக்க முடியும் என்பதற்கு அது நிரந்தரச் சாட்சி. எப்படி முடிந்தது? கடன் வாங்கியவர், தரகர், கடனை விற்ற நிறுவனத்துக்காரர், வால் ஸ்ட்ரீட்டில் அதை மூட்டை கட்டியவர் என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இருந்த ஆளையே பேசவைத்தார்கள். ஒருவர் சொல்வதை அடுத்தவரின் வாக்குமூலம் சோதித்தது. செய்து முடிக்க மாதக்கணக்கில் பிடித்தது. தினசரி நிகழ்ச்சியில் இது நடக்குமா? நாளை காலை ஆறு மணிக்கு ஒன்று வந்தாக வேண்டும், மறுநாளும் வேண்டும். மேசைக்குப் பக்கத்தில் இருக்கும் சக ஊழியரைக் கூப்பிட்டு உட்காரவைப்பதுதான் நடக்கிற காரியம்.

தினமும் ஒன்று வேண்டும், அது கதையாகவும் இருக்க வேண்டும் என்ற இந்த இரட்டைக் கட்டாயம் எதைச் சொல்வது என்பதையும் தீர்மானிக்கத் தொடங்குகிறது. நாயகன், வில்லன், திருப்பம், ஒலித்துணுக்கு எல்லாம் கைவசம் இருக்கும் விஷயம் முன்னால் வரும். இல்லாதது காத்திருக்கும், அல்லது செயற்கையாக ஒரு நாயகனை மாட்டிக்கொண்டு வரும். நமக்குப் பக்கத்திலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். ஒன்றிய அரசு வசூலிக்கும் வரியில் தமிழ்நாட்டுக்கு எவ்வளவு என்பதைவிட இந்த மாநிலத்தில் வாழ்கிறவர்களைத் தொடும் செய்தி குறைவு. பதினைந்தாவது நிதிக்குழு, பகிர்வுத் தொகையில் மாநிலங்களுக்கு 41 சதவீதம் என்றது. அதில் 2021–26 காலத்துக்குத் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதமாக இருந்தது. இந்த எண் எப்படி வந்தது? ஒரு சூத்திரத்தால். பணக்கார மாநிலத்தோடு ஒப்பிட்ட வருமான இடைவெளிக்கு 45, மக்கள்தொகைக்கு 15, பரப்பளவுக்கு 15, மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுக்கு 12.5, காட்டுக்கு 10, வரி முயற்சிக்கு 2.5. இதுதான் கதை. இதில் மனிதர் யாரும் இல்லை. ஒரு சிறு அட்டவணையை இரண்டு நிமிடம் பார்த்தால், எந்த எண்ணை அசைத்தால் எந்த மாநிலம் ஏறும், எது இறங்கும் என்று புரியும். காதால் கேட்டால் மூன்றாவது எண்ணில் முதல் எண் மறந்துபோகும். அதனால் பாட்காஸ்ட்டில் இது டெல்லிக்கும் சென்னைக்கும் நடக்கும் சண்டையாக, இன்ன அமைச்சர் இன்ன கூட்டத்தில் இப்படிச் சொன்னார், அவர் அப்படித் திருப்பிக் கொடுத்தார் என்று வரும். கேட்கச் சுவையாக இருக்கும். பின்னணி என்ற பெயரில் முன்னணியில் நடந்த கூத்தையே இன்னொரு தரம் சொன்னதுதான் மிச்சம்.

“கேட்பவர்களே புரிகிறது என்கிறார்களே, நீ யார் அதை மறுக்க?” என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. புரிகிறது என்ற உணர்வுக்கும் புரிதலுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை 2002-ல் யேல் பல்கலைக்கழகத்தின் ரோஸன்பிளிட், கைல் என்ற இரு உளவியலாளர்கள் எளிமையாகக் காட்டினார்கள். ஜிப், கழிவறைத் தொட்டி போன்றவை எப்படி வேலை செய்கின்றன என்பது உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டால் ஆட்கள் தாராளமாக மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். சரி, படிப்படியாக விளக்குங்கள் என்றதும் மதிப்பெண் சரிந்தது. நல்ல கதை, இந்த இரண்டாவது கட்டம் வரவிடாமல் முதல் கட்டத்திலேயே நம்மைத் திருப்தியாக உட்காரவைத்துவிடுகிறது. காலையில் ஒரு பாட்காஸ்ட்டைக் கேட்டுவிட்டு அலுவலகம் வந்தவரிடம் மத்தியானம் அந்தப் பிரச்சினையில் யார் எதை ஏன் எதிர்க்கிறார்கள் என்று கேட்டால், ஒரு காட்சி ஞாபகம் இருக்கும், ஒரு மனிதரின் பெயர் இருக்கும், எதிர்ப்பின் காரணம் நழுவியிருக்கும்.

தமிழில் இதற்கு இன்னொரு வழியாகவும் வக்காலத்து வாங்குகிறார்கள்: நாம் கேள்விச் செல்வத்தில் வளர்ந்தவர்கள், எழுத்து நேற்று வந்தது, காதுதான் நம் பள்ளிக்கூடம் என்று. அழகான வாதம், ஆனால் நம் செய்தி கேட்கும் மரபு எப்படி இருந்தது என்பதை மறந்துவிட்டுச் செய்யும் வாதம். டீக்கடையிலும் கட்சிப் படிப்பகத்திலும் ஒருவர் தினத்தந்தியை உரக்கப் படிப்பார். எழுத்து தெரியாதவரும் கேட்பார். உண்மை. ஆனால் பெஞ்சில் இருந்தவர் யாரும் வாயை மூடிக்கொண்டு கேட்கவில்லை. “நிறுத்துய்யா, அது எப்படி?” என்று குறுக்கே விழுவார் ஒருவர், “அந்த ஊர் எனக்குத் தெரியும், அங்கே கால்வாயே கிடையாது” என்பார் இன்னொருவர், படிப்பவர் அந்த வரியை மறுபடி படிக்க வேண்டியிருக்கும். ஷ்மிட்ஸ் என்ற தனி ஒருவர் ஷாங்காயில் செய்ததை அந்த பெஞ்சு தினமும் சில்லறையாகச் செய்துகொண்டிருந்தது. இயர்போன் மாட்டிக்கொண்டு மெட்ரோவில் நிற்பவருக்கு அந்த பெஞ்சு இல்லை. ஒரு குரலும் அவரும் மட்டும். நெருக்கம் என்று விளம்பரதாரர்கள் கொண்டாடுவது இந்தத் தனிமையைத்தான். நெறியாளரே தன் வாயால் படிக்கும் விளம்பரத்துக்குக் கூடுதல் மவுசு இருப்பதும் இதனால்தான். பார்வையற்றவர்களுக்கும், எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்கும், கைவேலையை விடமுடியாதவர்களுக்கும் ஒலி தரும் பயனை நான் குறைத்துப் பேசவில்லை. அவர்களுக்குத்தான் கூடுதல் கவனம் தேவை, திரும்பிப் பார்க்க வேறு பிரதி அவர்களிடம் இல்லை.

வடிவத்தைக் கைவிட வேண்டியதில்லை. திருத்த முடியும், திருத்தத் தெரியாமலும் இல்லை. வாரத்தில் இரண்டு நாளாவது நெறியாளருக்கு எதிரே வெளியாள் ஒருவரை, செய்தியாளரின் முடிவை ஏற்காத ஒருவரை உட்காரவைக்கலாம். “இது நேரில் பார்த்தது, இது ஒரே ஒருவர் சொன்னது, இது எங்கள் ஊகம்” என்று குரலிலேயே பிரித்துச் சொல்லலாம். ஓட்டம் கெடும், கெடட்டும். பிழை நேர்ந்தால் மறுநாள் நிகழ்ச்சியின் முதல் நிமிடத்தில், இசைக்கு முன்னால், சொல்லலாம். இப்போது சின்னத் திருத்தங்கள் செயலியில் நிகழ்ச்சியின் தலைப்புக்குக் கீழே, விரித்தால்தான் தெரியும் விவரக் குறிப்பில் எழுத்தாகச் சேர்கின்றன. வண்டி ஓட்டிக்கொண்டே பிழையைக் கேட்டவர் அந்தக் குறிப்பைத் திறக்கப்போவதில்லை. பழைய நிகழ்ச்சியைத் தேடி எடுத்து, அன்று என்ன சொன்னார்கள், பிறகு என்ன ஆனது என்று ஒப்பிட நினைப்பவருக்கு வழி இன்னும் குறுகிவிட்டது. 2024 அக்டோபரிலிருந்து, ஆப்பிளிலும் ஸ்பாட்டிஃபையிலும் ‘தி டெய்லி’யின் அண்மைய சில நிகழ்ச்சிகள் மட்டுமே இலவசம், அதற்கு முந்தையவை எல்லாம் சந்தா கட்டியவர்களுக்கு.